வாசித்துவிட்டு அழி

"ரெண்டு பெட்டியும் நான்தான் தலைன்னு சொல்லுது டீச்சர். இதுல பொய் சொல்லுதது எது?"

கேட்டவர் கஸ்பார். புன்னைத்துறை மீன்பிடித் துறைமுகத்தில் பாதி ஆயுளுக்கு ஏலம் கூறியவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. மிச்சத்தைக் கடற்கரை அடித்துச் சொல்லிக்கொடுத்தது. படகுச் சங்கம் ஏலத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய அன்று, கோபத்தில் சங்கத்து மேசையைக் கவிழ்த்தார். மறுநாள் வந்து அதே மேசையை நிமிர்த்தி வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து பேரம் பேசினார்.

"என் தொழிலை அந்தப் பெட்டிக்குக் குடுத்தீங்கல்லா. அந்தப் பெட்டியை எனக்குக் குடுங்க."

வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். தொழில் கற்க மெஹருன்னிசாவிடம் அனுப்பினார்கள்.

மெஹருன்னிசாவுக்கு கஸ்பாரின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். சங்கத்தின் சர்வர் அறை அவர் பொறுப்பில் இருந்தது. முதல் நாள் கஸ்பார் அவரை 'ஏம்மா' என்று கூப்பிட்டார். இரண்டாம் நாள் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடவே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து 'டீச்சர்' என்றார். துறைமுகத்தில் கஸ்பார் யாருக்கும் அப்படி இறங்கிப் பார்த்ததில்லை என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"பொய் சொல்ல அதுக்குத் தெரியாது அண்ணாச்சி. பார்த்ததைச் சொல்லுது."

"ரெண்டும் வேற வேறயால்லா பார்த்திருக்கு."

"வேற வேற இடத்துல இருந்துச்சே."

உண்மைதான். ஒரு சர்வர் துறைமுகத்தில் இருந்தது, இந்த அறையில். இன்னொன்று லைட்ஹவுஸ் மேட்டில், வயர்லெஸ் அறையை ஒட்டி இருந்தது. எந்தப் படகு கடலில், எந்தப் படகு கரையில் என்கிற விவரம் இரண்டிலும் இருக்கும். ஒன்று தலை, மற்றது நிழல். தலை எழுதுவதை நிழல் அப்படியே எழுதிக்கொள்ளும். தலை படுத்துவிட்டால் நிழல் எழுந்து தலையாகும். இதைத்தான் டீச்சர் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடியது. அவை பேசிக்கொள்ள அது ஒன்றுதான் வழி.

அன்று காலையில் சாக்கடை தோண்ட வந்த ஜேசிபி அந்தக் கேபிளை அறுத்துவிட்டது.

மேட்டு சர்வர் துறைமுகத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. தலை செத்துப்போனது என்று முடிவுகட்டித் தானே தலையானது. துறைமுக சர்வர் சாகவில்லை. அது பாட்டுக்குத் தலையாகவே இருந்தது. மதியம் கேபிளை ஒட்டினார்கள். ஒட்டியதும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நான்தான் தலை என்றது இது. நான்தான் தலை என்றது அது. சண்டை தீரும்வரை புதிதாக ஒரு வரி எழுதவும் மாட்டோம், யாருக்கும் விவரம் அனுப்பவும் மாட்டோம் என்று இரண்டும் வாயை மூடிக்கொண்டன.

வேறு நாளாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டு மெதுவாகப் பார்த்திருக்கலாம். அன்று மதியத்துக்கு மேல், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று திடீரென்று ஏறியது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். ரோந்துக் கப்பலிலிருந்து அதிகாரி போனில் வந்தார்.

"கடல்ல இருக்கிற படகு லிஸ்ட் உங்க கம்ப்யூட்டர்ல இருந்து தானா வரும். இன்னிக்கு வரலையே?"

"வரும் சார்," என்றார் கஸ்பார்.

"எப்ப?"

"ஒரு மணி நேரம்."

"இருபது நிமிஷம்."

"கத்தரிக்காயா சார் வாங்குதீங்க, இப்படி அடிச்சுக் கேக்கீங்க. முக்கா மணி."

"அரை மணி. அதுக்கு மேல காத்து எனக்கும் நிக்காது, உங்களுக்கும் நிக்காது."

"சரி, அரை மணி. ஆனா நீங்க இப்பமே கயித்தை அவுத்துத் தயாரா நிக்கணும்."

"நிக்கிறோம்," என்று போன் வைக்கப்பட்டது.

டீச்சர் சிரித்தார். "நான் பேசியிருந்தா பத்து நிமிஷம்தான் கிடைச்சிருக்கும்."

"உங்களுக்குப் பேரம் வராது டீச்சர். எடுத்த எடுப்புல உண்மையைச் சொல்லிருவீங்க."

"ரெண்டுல ஒண்ணை ரீசெட் பண்ணணும் அண்ணாச்சி. வேற வழியில்லை."

கஸ்பாருக்கு அது தெரியும். கருப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை. எந்த சர்வரில் அதை அடிக்கிறோமோ அந்த சர்வர் தன்னிடம் இருப்பதை எல்லாம் மறந்துவிடும். வெறும் பெட்டியாக எழுந்து, மற்றதைப் பார்த்து முதலிலிருந்து எழுதிக்கொண்டு, அதற்கு நிழலாகும். பிறகு தலை ஒன்றுதான். விவரமும் ஒன்றுதான்.

முன்பு ஒருநாள் அவர் கேட்டிருக்கிறார். "மத்த எல்லாத்துக்கும் பட்டன் வச்சிருக்கான். இதுக்கும் ஒண்ணு வச்சா என்னவாம்? ஒவ்வொரு எழுத்தா அடிக்க வேண்டியிருக்கு."

"பட்டன்னா விரல் மட்டும் போதுமே," என்றிருந்தார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார். கஸ்பார் இரண்டு நாள் அதை மென்றுகொண்டு திரிந்தார்.

இப்போது டீச்சர் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"எதை அழிக்கலாம்? நீங்க சொல்லுங்க."

"ரெண்டையும் அந்த ஆபீசருக்கு அனுப்பிருவோமே."

"ஒரே படகு ஒண்ணுல கரை, ஒண்ணுல கடல். அவர் எதை நம்புவார்?"

கஸ்பார் தாடையைச் சொறிந்தார். பிறகு ஏலத்தில் விலையை நிறுத்துகிற குரலில் சொன்னார். "மேட்டுல உள்ளதை அழிங்க. துறைமுகத்துல உள்ளதுதான் அசல்."

"எப்படி?"

"இங்கன உள்ளது கண்ணால பார்த்து எழுதினது டீச்சர். கேட்ல மீன் பெட்டி வருது, எந்தப் படகுப் பெட்டின்னு பதியுதோம், அந்தப் படகு கரைன்னு விழுந்துருது. மேட்டுல உள்ளது என்ன? காத்துல வந்த பேச்சு. படகுக்காரன் வயர்லெஸ்ல எதையாவது சொல்லுவான், அங்கன உக்காந்திருக்கவ எதையாவது எழுதுவா."

பெட்டி வந்தால் படகு கரை என்கிற ஏற்பாடே கஸ்பாருடையதுதான். முன்பெல்லாம் கேட்டில் இருப்பவர்கள் படகு திரும்பியதைப் பதிய மறந்துபோவார்கள். மீனைப் பதிய யாரும் மறக்கமாட்டார்கள். அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுங்கள் என்று சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கியிருந்தார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

"என் மவன் படகையே எடுத்துக்கிடுங்க," என்றார். "'தெரசம்மா'. இங்கன கரைன்னு இருக்கு. மேட்டுல கடல்னு கிடக்கு. காலையில அந்தப் படகுப் பெட்டியைப் பதிஞ்சதே நான்தான். கேட்ல உள்ளவன் டீ குடிக்கப் போயிருந்தான். நெய்மீனு தலையெல்லாம் ஒரே பக்கமா அடுக்கியிருந்துச்சு. அவன் அடுக்குதான். இந்தக் கண்ணால பார்த்தேன்."

"மகனைப் பார்த்தீங்களா?"

"அவனை எதுக்கு நான் பார்க்கணும்?"

கஸ்பாரின் மகன் வில்பிரட் அந்தப் படகை வாங்கியபோது விற்றவன் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தான். ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. படகுக்கு அம்மாவின் பெயரை வைத்தும் பயன் இல்லை. அன்றிலிருந்து அப்பா பேசவில்லை என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"சரி அண்ணாச்சி. மேட்டுல உள்ளதையே அழிச்சிருவோம்."

முதலில் டீச்சர் இரண்டு சர்வரிலும் இருந்ததை நகலெடுத்துத் தனியே வைத்தார். கஸ்பார் முகம் தெளிந்தது.

"அதான் நகல் இருக்கே. பிசகினாலும் பிறவு பார்த்துக்கிடலாம்."

"நகல் இங்க பத்திரமா இருக்கும். கப்பல் இங்க இருக்கிற நகலைப் பார்த்துத் தேடப் போகாது."

டீச்சர் அங்கிருந்தபடியே மேட்டு சர்வருக்குள் போனார். கருப்புத் திரையில் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். எல்லாம் அழியும், தொடரலாமா என்று சர்வர் கேட்டது. எஸ் என்று அடித்தார். இனி என்டர் ஒன்றுதான் பாக்கி.

கையை எடுத்துவிட்டார்.

எழுந்து நாற்காலியை கஸ்பாருக்கு விட்டார். பக்கத்துத் திரையில், காலையில் கேபிள் அறுந்ததிலிருந்து மேட்டு சர்வர் மட்டும் எழுதிய வரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். இங்கே இல்லாத வரிகள். இன்னும் சற்று நேரத்தில் எங்கேயும் இல்லாமல் போகப்போகிற வரிகள்.

"வாசிங்க."

அந்த அறையின் வழக்கம் அது. எதை அழிப்பதானாலும் அழிக்கச் சொன்னவர் அதைச் சத்தமாக வாசித்த பிறகே அழிக்க வேண்டும். பழைய ஏலச் சீட்டை அழிக்கும்போதுகூட கஸ்பார் வாசித்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபம் மாதிரி, வாய் பாட்டுக்கு ஓடும், கண் சோற்றில் இருக்கும்.

"இன்னிக்குமா டீச்சர்? நேரம் ஓடுது."

"நீங்க அரை மணி வாங்கித் தந்திருக்கீங்களே."

"கடைசி பத்து வரி வாசிக்கேன்."

"முழுசா."

"ஒண்ணு விட்டு ஒண்ணு."

"அண்ணாச்சி."

கஸ்பார் தொடங்கினார். வேகமாக முடித்துவிடும் எண்ணத்தில் பழைய ஏலக்குரலை எடுத்தார். நீட்டி, இழுத்து, அடுத்த பெயருக்குத் தாவுகிற குரல்.

"'ஜெபமணி'. வலை பாறையில சிக்கிட்டு, அறுத்துக்கிட்டுக் கிளம்புதோம். 'கடல்புறா'. எஞ்சின் சூடாவுது, பைய வாறோம். 'மரகதம்'. கரைக்கு வாறோம், எங்க சரக்கோட வேற சரக்கும் ஏத்தியிருக்கோம். 'தெரசம்மா'. மீன் நல்லாப் படுது, சரக்கை மரகதத்துல ஏத்தி விட்டாச்சு, மரகதத்து ஐஸை வாங்கிக்கிட்டு நாங்க தெக்குப் பார்ல நிக்கோம், ரெண்டு நாளாவும். 'ஜான்சி'..."

ஜான்சியில் குரல் நின்றது.

கஸ்பார் விரலை ஒரு வரி மேலே கொண்டுபோனார். இந்த முறை ஏலக்குரல் இல்லை.

"சரக்கை மரகதத்துல ஏத்தி விட்டாச்சு."

தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிற படகுகளில் இது காலங்காலமாக நடப்பது. மீன் படுகிற பாரை, அந்தக் கடலடிப் பாறைத் திட்டை, விட்டுவர மனசு வராதவன், கரைக்குத் திரும்புகிற படகில் தன் சரக்கை ஏற்றிவிட்டு அங்கேயே நிற்பான். பெட்டி கரைக்கு வரும். படகு வராது. கஸ்பார் அப்படி வந்த சரக்கை எத்தனையோ முறை ஏலம் கூறியிருக்கிறார். கேபிள் இருந்த நாளெல்லாம் கேட்டில் கரை என்று விழுவதை, வயர்லெஸ்ஸில் வந்த பேச்சு கடல் என்று திருத்திவிடும். இன்று திருத்த வழியில்லை.

கஸ்பார் போனை எடுத்து மேட்டுக்குப் போட்டார். வயர்லெஸ் அறையில் இருந்தவள் பிரகாசி.

"ஏ பிரகாசி, தெரசம்மாவுல இருந்து பேசினது யாரு?"

"உங்க மவன்தான். குரல் தெரியாதா எனக்கு? அப்பாட்ட சொல்லுன்னுகூட சொன்னான். நீங்கதான் அவன் பேரை எடுத்தாலே போனை வச்சிருவீங்களே. அதான் எழுதிப்போட்டேன்."

"இப்பம் கூப்பிடு."

"கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. காத்து ஏறினதுல இருந்து பதில் இல்ல."

கஸ்பார் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அடிக்கப்பட்டு நின்றிருந்த கட்டளையை டீச்சர் அதற்குள் அழித்திருந்தார்.

"துறைமுகத்துல உள்ளதை அழிங்க டீச்சர். இப்பமே."

"வாசிக்காமயா?"

"என் மவன் அங்கன நிக்கான்."

"தெரியுது அண்ணாச்சி. அதனாலதான்."

கஸ்பாரின் காது சிவந்தது. சங்கத்து மேசையைக் கவிழ்த்த அன்று அது அப்படித்தான் சிவந்தது என்பார்கள். டீச்சர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். துறைமுக சர்வரின் வரிகளைத் திரையில் கொண்டுவந்தார். பக்கத்தில் நின்றார்.

உலகத்தில் கஸ்பார் யாரிடமும் விலை குறைக்காமல் வாங்கியதில்லை. அன்று பேரம் பேசாமல் உட்கார்ந்தார்.

"'மரகதம்', கரை. இது சரி, அந்த டிரைவர்கூட நான் டீ குடிச்சேன். 'சிலுவை', கரை. அவன் காலையில எங்கிட்டே ஏச்சு வாங்கிட்டுப் போனான், சரி. 'தெரசம்மா', கரை." விரலை அந்த வரியில் ஊன்றினார். "இது பெட்டி மட்டும். 'முத்துமாலை', கரை. சரி, மொதலாளியே வந்து நின்னான். 'பவளம்', கரை."

நிறுத்தினார்.

"பவளம் ஆளு ஒருத்தனையும் நான் இன்னிக்குப் பார்க்கலையே. அவன் பெட்டியும் மரகதத்துலதான் வந்து இறங்கியிருக்கும்."

பிரகாசிக்கு மறுபடி போன் போனது. பவளத்திலிருந்து அன்று ஒரு பேச்சும் வரவில்லை. அந்தப் படகின் வயர்லெஸ் போன வாரமே பழுது. போகும்போது கடல் என்று பதிந்தது மேட்டில் அப்படியே கிடந்தது.

கஸ்பார் மிச்சத்தையும் வாசித்து முடித்தார். ஒரு வரி விடவில்லை. வாசித்து முடித்ததும் புது சிக்கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது.

"இதை அழிச்சா, கரைக்கு வந்துட்ட படகும் கடல்ல நிக்குதுன்னுல்லா போவும்?"

"போகும்."

"அப்பம் இதுவும் தப்பான விவரம்தானே."

"தப்புதான்."

"பிறவு எதை டீச்சர் அழிக்க?"

டீச்சர் அவரையே கேட்டார். "கரையில நிக்கிற படகைக் கடல்ல தேடினா என்ன ஆகும்?"

"டீசல் பாழாவும். கப்பல்காரன் நம்மள ஏசுவான்."

"கடல்ல நிக்கிற படகைத் தேடாம விட்டா?"

கஸ்பார் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒற்றை விரலால் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஒரு எழுத்து பிசகியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். எல்லாம் அழியும், தொடரலாமா என்று கேட்டது. காலையில் தன் கையால் எழுதியது, சங்கத்தில் சண்டை போட்டு வாங்கியது எல்லாம் அதில் இருந்தது. எஸ் என்று அடித்து என்டரைத் தட்டினார்.

துறைமுக சர்வர் ஒரு கணம் வெறும் கருப்பாக நின்றது. பிறகு எழுந்தது. மேட்டைப் பார்த்தது. நீயே தலை என்று ஒப்புக்கொண்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தது. விவரம் தானாகக் கப்பலுக்குப் போனது.

போன் உடனே அடித்தது.

"என்னய்யா இது, இத்தனை படகா கடல்ல நிக்குது?"

"சிலது கரையில நிக்கும் சார். இந்தா கடற்கரைக்குத்தான் போறேன், ஒவ்வொண்ணா பார்த்துக் கழிச்சுச் சொல்லுதேன். ரெண்டு பேரு மட்டும் கடல்லதான் நிக்கான், சத்தியம். தெரசம்மா, தெக்குப் பார். பவளமும் அங்கனதான் இருக்கும். நீங்க கிளம்புங்க."

"இல்லாத படகைத் தேட வச்சா உங்க மேல எழுதிருவேன்."

"எழுதிக்கிடுங்க சார். பேரு கஸ்பார்."

டீச்சர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "ரெண்டு பேரா எழுதிக்கோங்க சார். மெஹருன்னிசா."

கஸ்பார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது, இந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே பேரம் வராது என்று.

பிறகு கஸ்பார் கடற்கரையில் காற்றுக்கு எதிராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டியிருந்த படகு ஒவ்வொன்றின் பெயரையும் போனில் கத்தினார். கத்துவதற்குப் பிறந்த தொண்டை அது. ஜெபமணி, கடல்புறா, ஜான்சி என ஒவ்வொன்றையும் டீச்சர் அறையிலிருந்து கரை என்று பதிந்தார். படகைப் பார்த்தால் போதாது என்று, அதில் ஆள் தலை தெரியும்வரை கஸ்பார் பெயரைச் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு டிரைவரைக் கல்லெறிந்து எழுப்பினார்.

"என்ன அண்ணே, விலை எதுவும் ஏறிட்டா?"

"உன் விலைதான்ல. தலையைக் காட்டு, போதும்."

இருட்டுவதற்கு முன் கப்பல் தெற்குப் பாரில் பவளத்தைக் கண்டது. அதற்கு அப்பால் தெரசம்மாவைக் கண்டது. பேட்டரியில் தண்ணீர் புகுந்து, வயர்லெஸ்ஸும் எஞ்சினும் செத்து, பாறைப் பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. கயிறு போட்டுக் கட்டி இழுத்து வந்தார்கள்.

வில்பிரட் நனைந்த சட்டையோடு இறங்கினான். கஸ்பார் அவன் முன்னால் போய் நின்றார். அவனை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"ஐஸுக்கு மரகதக்காரன் என்ன கேட்டான்?"

வில்பிரட் சொன்னான்.

"கேட்டதைக் குடுத்துட்டியா?"

"குறைச்சுத்தான் குடுத்தேன்."

"இன்னும் குறைச்சிருக்கலாம்," என்றார் கஸ்பார். தன் துண்டை எடுத்து அவன் தலையில் போட்டார். இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள்.

மறுநாள் காலையில் கஸ்பார் சர்வர் அறைக்கு வந்தார். வழக்கத்துக்கு மாறாக வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தார். டீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

"ஒரு கேள்வி டீச்சர்."

"கேளுங்க."

"மேட்டுல உள்ளதுதான் சரின்னு உங்களுக்கு முதல்லயே தெரியும். அதான் என்டர் தட்டாம கையை எடுத்தீங்க."

"தெரியாது அண்ணாச்சி. எப்பவும் எடுப்பேன்."

"நான் தேர்ந்தெடுத்தது தப்புன்னாவது தெரியும்."

"அதுவும் தெரியாது. நீங்க சொன்ன காரணம் எனக்கு நல்ல காரணமாத்தான் பட்டுச்சு."

கஸ்பார் நின்றுகொண்டே யோசித்தார். காது லேசாகச் சிவந்தது.

"அப்பம், நான் வாசிச்சுக்கிட்டே போறேன். வேகத்துல என் மண்டையில ஏறல. தெரசம்மாவையும் வாசிச்சுட்டேன், ஜான்சியையும் வாசிச்சுட்டேன், முடிச்சுட்டேன். பிறவு என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்டர் தட்டியிருப்பேன்."

"அழிஞ்சிருக்கும்."

"ஆமா."

"கப்பல் போயிருக்காது."

"போயிருக்காது."

"அப்புறம் என்னத்துக்கு டீச்சர் இந்த வாசிப்பு? புரிஞ்சவனுக்குத்தான் புரியும். புரியாதவன் வாசிச்சு என்ன லாபம்? சொல்லுங்க, எனக்கு இதுக்கு ஒரு விலை தெரியணும்."

டீச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"பெட்டி மறந்திருக்கும் அண்ணாச்சி. ராத்திரி படுத்ததும் நீங்க மறந்திருப்பீங்களா? தெரசம்மா தெக்குப் பார்ல நிக்குன்னு சொன்ன வாய் உங்க வாய்தானே?"